பதினேழு படங்களில் அப்பாவின் முதுகு

ஜனவரி 6

என் அருமைப் பெரியவளுக்கு,

உன் தாய்மாமன் எழுதிக்கொண்டது. நானும் என் கேமராவும் நலம். மற்றவர்களைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

என்ன கேமரா என்று நீ மூக்கைச் சுளிப்பது இங்கே தெரிகிறது. கேள். உலகத்தில் இந்த மாதிரி மொத்தம் மூன்றுதான் செய்தார்களாம். ஒன்று ஏதோ அரண்மனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. இன்னொன்று கப்பலோடு மூழ்கிவிட்டது. மூன்றாவது, எங்கள் லாரி ஆபீசுக்குச் சரக்கு ஏற்ற வந்த டிரைவர் ஒருவர் வழியாக உன் மாமன் கழுத்தில் தொங்குகிறது. நான் அதைத் தேடிப் போகவில்லை. அதுதான் என்னைத் தேடி வந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். சின்னவளுக்குக் கல்யாணம். உன் தங்கச்சிக்குத்தான், வேறு யாருக்கு? பிப்ரவரி பன்னிரண்டு. மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பையன் தங்கம். முதல் தடவை வீட்டுக்கு வந்த அன்றே என் அனுபவங்களை மூன்று மணி நேரம் அசையாமல் கேட்டான். ‘முக்கால் மணி நேரம் மாமா’ என்கிறாள் சின்னவள். அவளுக்கு எப்போதுமே கடிகாரம் பார்க்க வராது.

படம் எடுக்கப்போவது நான். உன் அப்பா லேத் மெஷினில் குனிந்து ஏதோ கடைந்துகொண்டிருந்தார். போய் நின்று, “வெளியாள் எதுக்கு மச்சான்? நான் ஒருத்தன் இருக்கேன்ல?” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. உன் அப்பா ஒன்றும் சொல்லாவிட்டால் அது பாதிச் சம்மதம். மீதிப் பாதியை நான் சேர்த்துக்கொண்டேன்.

பாடமும் நடக்கிறது. பெரிய தெரு முனையில் ஒரு அம்மாள் ஸ்டூடியோ வைத்திருக்கிறாள். என் வயதில் பாதிகூட இருக்காது, வாய் மட்டும் என்னைவிட நீளம். “கூட்டத்தை எடுக்கறது பெரிய காரியம் இல்லை சார். ஒரே ஒரு மூஞ்சியை ஒழுங்கா எடுத்துட்டு வாங்க, அப்ப உங்களை ஃபோட்டோகிராபர்னு கூப்பிடறேன்” என்கிறாள். ஆபீசில் மூட்டை தூக்குகிறவர்கள் பதினோரு பேரையும் எடுத்துக் காட்டினேன். “எல்லாரும் உயிரோடதானே இருக்காங்க?” என்று கேட்டாள். பொறாமை.

அழைப்பிதழில் உன் பேர் இல்லை. அச்சகத்துக்காரன் விட்டுவிட்டான் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இதை மட்டும் நீ நம்பமாட்டாய் என்று தோன்றியது. ஏழு வருஷம் ஆகிறது. உன் அப்பா மாறவில்லை.

இப்படிக்கு,
திருமணத் தலைமைப் புகைப்பட நிபுணர்,
அக்கா தங்கச்சி நீங்கள் இரண்டு பேரும் வைத்த பேரில் சொன்னால், ஜம்பம் மாமா


ஜனவரி 17

மாமாவுக்கு,

சின்னவளுக்குக் கல்யாணம் என்று படித்ததும், அவள் இப்போது என்ன உயரம் இருப்பாள் என்றுதான் முதலில் யோசித்தேன். நான் கிளம்பும்போது அவளுக்குப் பதினான்கு. அவளிடம் என் ஆசையெல்லாம் சொல்லுங்கள். அப்பா காதில் விழாதபோது சொல்லுங்கள்.

உங்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். இந்த ஏழு வருஷத்தில் நம் மனிதர்களில் எனக்கு எழுதுகிற ஒரே ஆள் நீங்கள். அதனால் கேட்கிறேன்.

எனக்கு அப்பா முகம் மறந்துகொண்டு வருகிறது. நான் வேலை பார்ப்பது ஆண்கள் வார்டில். ஒரு நாளைக்கு முப்பது முகம் பார்க்கிறேன். அவர் வயதுக்காரர் யாராவது படுத்திருந்தால் அந்த நெற்றியையும், பக்கத்துக் கட்டில்காரரின் தாடையையும் எடுத்து மனசுக்குள் ஒட்டிப் பார்க்கிறேன். சேரமாட்டேன் என்கிறது. என்னிடம் இருப்பது, எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்ட அம்மாவும் அவரும் கல்யாணமான புதிதில் எடுத்துக்கொண்ட அந்த ஒரே படம்தான். அதில் அவருக்கு இன்றைய என்னைவிட வயது குறைவு. என் குட்டி அதைப் பார்த்து ‘இந்த அண்ணா யாரு?’ என்கிறாள்.

அவரை எனக்காக ஒரு படம் எடுங்கள். தனியாக, முகம் தெரிகிற மாதிரி. என்னைப் பற்றி அவரிடம் எதுவும் கேட்க வேண்டாம். கோபம் இன்னும் இருக்கிறதா என்று முகத்தைப் பார்த்தால் நானே தெரிந்துகொள்வேன். இருந்தால் இனிமேல் அந்தப் பக்கம் திரும்பமாட்டேன். இல்லாவிட்டால் குட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வண்டியில் வருவேன்.

நானும் என் வீட்டுக்காரரும் ஊரை விட்டு வந்த அன்று ஸ்டேஷனுக்கு யாரும் வரவில்லை. அதைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. ஆனால் வண்டி கிளம்பியபோது எந்த முகத்தையும் பார்க்காமல் கிளம்பினேன் என்பது உண்மை.

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஜோடிக்காதீர்கள் மாமா. படம் மட்டும் போதும்.

பெரியவள்


பிப்ரவரி 15

என் கண்ணே,

ஜோராக நடந்து முடிந்தது! இரண்டாயிரம் பேர். மண்டபம் தாங்கவில்லை, கூட்டத்தைத் தெருவில் நிறுத்தினார்கள். போக்குவரத்தே நின்றுபோனது. சின்னவள் உன் உயரம் வந்துவிட்டாள், ஒரு விரற்கடை கூடவே இருக்கும்.

இந்தக் கல்யாணத்தில் நான் கண்டுபிடித்த ஒரு வித்தையைச் சொல்கிறேன், ஸ்டூடியோக்காரம்மாவுக்கே தெரியாது. கேமராவைத் தூக்கினால் போதும், யாராக இருந்தாலும் போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்திவைத்த மாதிரி ஆகிவிடுகிறார்கள். மூச்சைப் பிடிக்கிறார்கள். கையைத் தொடையோடு ஒட்டிக்கொள்கிறார்கள். மாப்பிள்ளையின் அத்தை, பல் தெரியக் கூடாது என்று இரண்டு உதட்டையும் உள்ளே மடித்துக்கொண்டு நின்றாள். என்ன செய்தேன் தெரியுமா? கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டே, “அத்தை, ஒரு தடவை மந்திரி ஒருத்தரைப் படம் பிடிக்கப் போனேன். இன்னும் கொஞ்சம் பின்னாடி, இன்னும் கொஞ்சம் பின்னாடின்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அவர் கிணத்துல விழுந்துட்டார்” என்றேன்.

“அட, நிஜமாவா?” என்றாள். அடுத்த நொடி, “யோவ், புளுகறே!” என்றாள். அந்த ‘நிஜமாவா’வுக்கும் இந்த ‘புளுகறே’வுக்கும் நடுவில் ஒரு கண்ணிமைப்பு இருக்கிறது பார், அங்கேதான் மூஞ்சி திறக்கிறது. அங்கே அமுக்க வேண்டும். சமையல்காரரை இப்படி எடுத்தேன். ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்திருந்த சின்னவளையும் இப்படித்தான் எடுத்தேன். ஊரில் உள்ளவர்கள் படம் எடுக்கக் கண்ணையும் கையையும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறார்கள். எனக்கு வாயே போதும்.

உன் அப்பா படமா? எடுத்தேன்! சாயங்காலம் ஐந்து மணி, மேற்கு ஜன்னல். மச்சான் தனியாக நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனேன். “டேய், பெரியவ இருந்தா இந்நேரம் மண்டபத்தையே தலைகீழாப் புரட்டியிருப்பாடா” என்றார். கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். துடைத்துவிட்டு நிமிர்ந்தாரே, அமுக்கினேன். அந்த ஒரு படத்துக்காக என் கையை வெட்டி அருங்காட்சியகத்தில் வைக்கலாம்.

ஃபிலிம் ரோல்கள் ஸ்டூடியோவில் இருக்கின்றன. கழுவி வந்ததும் அனுப்புகிறேன்.

முகங்களின் மன்னன்,
உன் மாமா


பிப்ரவரி 24

மாமா,

உங்கள் கடிதத்தை வார்டில் மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்று படித்தேன். பிறகு கட்டில் விரிப்பு மாற்றுகிற சாக்கில் யாருமில்லாத அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

‘தலைகீழாப் புரட்டியிருப்பா.’ அவர் அப்படித்தான் பேசுவார். அதே குரலில் எனக்குக் கேட்டது.

படம் வரும்வரை பொறுத்திருக்க முடியவில்லை. அன்றைக்கே அப்பாவுக்கு எழுதிவிட்டேன். பதினோரு பக்கம். குட்டி பிறந்தது, அவளுக்கு அம்மாவின் காது வாய்த்திருப்பது, என் வீட்டுக்காரர் அப்பாவின் பட்டறையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பது, எல்லாம் எழுதினேன். மன்னிப்பும் கேட்டேன். எதற்கென்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இருந்தாலும் கேட்டேன்.

லீவுக்கு மனுப் போட்டிருக்கிறேன். படம் எப்போது வரும்?

பெரியவள்


மார்ச் 8

பெரியவளுக்கு,

படங்கள் இத்துடன். எண்பத்தி நாலு. பார்ப்பதற்கு முன்னால் சில விளக்கங்கள்.

மேடைப் படங்களில் வலது பாதி கறுப்பாக இருக்கும். பயப்படாதே. இது ஒரு பாணி. வெளிநாட்டில் இப்போது இப்படித்தான். ஸ்டூடியோக்காரம்மா வேறு மாதிரி சொல்கிறாள். ஃப்ளாஷ் அடிக்கும்போது கேமராவின் வேகச் சக்கரத்தை அறுபதில் வைக்க வேண்டுமாம், அதற்காகத்தான் அறுபதை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறதாம். சிவப்பு என்றால் ஆபத்து, கை வைக்காதே என்றல்லவா உலகத்தில் அர்த்தம்? அதனால் பக்கத்தில் இருந்த நூற்றி இருபத்தைந்தில் வைத்தேன். மாப்பிள்ளை வீட்டார் முழுக்க வலப்பக்கம் நின்றுவிட்டார்கள். அவர்கள் நேரம். மாப்பிள்ளையின் ஒரு கை மட்டும் அநேகமாக எல்லாப் படத்திலும் விழுந்திருக்கிறது. பையன் பெரிய மனசுக்காரன். “கை நல்லா வந்திருக்கு மாமா” என்றான்.

ஜன்னல் வெளிச்சத்தில் ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்தவை தப்பித்தன. சின்னவள் படத்தை ஸ்டூடியோக்காரம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பெரிதாக ஒரு பிரதி போட்டுத் தன் கடைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டாள். நான் கேட்டு வைக்கவில்லை. சத்தியமாக அவளாகத்தான் வைத்தாள்.

உன் அப்பா பதினேழு படங்களில் இருக்கிறார். நன்றாகத்தான் விழுந்திருக்கிறார். திரும்பி நிற்கிறார், அவ்வளவுதான். கல்யாண வீட்டில் தகப்பனுக்கு ஆயிரம் வேலை. அந்த மேற்கு ஜன்னல் படம், அது மட்டும், கழுவுகிற மருந்தில் ஏதோ கோளாறு. அழிந்துபோயிற்று. போனால் போகிறது, இன்னொன்று எடுத்தால் ஆயிற்று.

உன் கடிதம் வந்தது. மச்சான் படித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். பதினோரு பக்கம் அல்லவா.

மாமா


மார்ச் 19

மாமா,

படங்களை மேசையில் பரப்பி மூன்று நாள் பார்த்தேன்.

இரண்டாயிரம் பேர் என்றீர்கள். நாற்காலிகளை எண்ணினேன். நூற்றி இருபது. அதில் பாதி காலி. இதற்கு நான் கோபப்படவில்லை, சிரித்தேன்.

ஆனால் அப்பா. பதினேழிலும் முதுகு. வேலையாகத் திரும்பி நிற்கிற முதுகு இல்லை அது. சமையல்காரரை நீங்கள் எடுத்த படத்தில் மூலையில் அவர் பாதி திரும்பிக்கொண்டிருக்கிறார், கை மங்கலாக இருக்கிறது. கேமரா வருவதைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். மேற்கு ஜன்னலும் ஒரு படத்தில் இருக்கிறது. சுவர்க் கடிகாரத்தில் ஐந்து. அந்த ஜன்னலில் நாற்காலிகளை அடுக்கிவைத்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடமில்லை.

அப்படி ஒரு படத்தை நீங்கள் எடுக்கவேயில்லை. அவர் அப்படி ஒன்றும் சொல்லவும் இல்லை.

நேற்று என் பதினோரு பக்கம் திரும்பி வந்தது. பிரிக்கவில்லை. உறையின் பின்பக்கம் அப்பா எழுதியிருக்கிறார். அச்சுக் கோத்த மாதிரி அதே எழுத்து: ‘எனக்கு அப்பான்னு யாரும் இல்லைன்னு சொன்னவளோட கடுதாசி எனக்கு வேண்டாம்.’

அப்படி நான் சொன்னதே இல்லை. சண்டை போட்டபோதுகூடச் சொல்லவில்லை. கிளம்புகிற அன்று நான் வீட்டில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. யாரிடம் சொன்னேன்? அவருக்கு யார் சொன்னார்கள்?

உங்கள் வாழ்நாளில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நடந்ததை நடந்த மாதிரி எழுதுங்கள்.

பெரியவள்


ஏப்ரல் 2

பெரியவளுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். நான்கிலும் நான் நல்லவனாக இருந்தேன். இது ஐந்தாவது.

நீ கிளம்பிய அன்று மழை கொட்டியது. இல்லை. மழை இல்லை. சாதாரண வெயில்.

காலையில் மச்சான் என்னைப் பட்டறைக்குக் கூப்பிட்டார். “ஸ்டேஷனுக்குப் போடா. கூட்டிட்டு வா. அந்தப் பையனையும் சேத்துத்தான். எனக்குப் பிடிக்கலைதான். அதுக்காகப் பொண்ணை விட்ருவேனா? அப்பா வரச்சொன்னார்னு சொல்லு” என்றார். நீங்களே போங்களேன் என்றேன். “நாலு பேர் முன்னாடி எனக்கு அழுகை வந்துரும்டா” என்றார். இதில் நான் ஒன்றும் சேர்க்கவில்லை. இவ்வளவும் அவர் சொன்னது.

உலகத்தில் என்னைத்தான் அவர் நம்பி அனுப்பினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு பெரிய தூது போகிறவன் தாடியோடு போகலாமா என்று சவரக் கடையில் உட்கார்ந்தேன். வண்டி எப்போதும் தாமதம்தானே என்று நினைத்தேன். கடையில் ஆறு பேர் இருந்தார்கள். இந்தக் குடும்பமே இன்றைக்கு என் வாயில்தான் நிற்கிறது என்று அவர்களுக்குச் சொன்னேன். சவரம் முடிந்த பிறகும் சொன்னேன். பிறகு ஸ்டேஷனுக்கு ஓடினேன் என்று எழுத வந்தேன். நடந்துதான் போனேன்.

பிளாட்பாரத்தில் ஒரு ஆள் பெருக்கிக்கொண்டிருந்தான். வண்டி போய்விட்டிருந்தது. வால் பக்கம்கூட நான் பார்க்கவில்லை.

பட்டறைக்குத் திரும்பினேன். மச்சான் வாசலில் நின்றார். என் முகத்தைப் பார்த்தார், என் பின்னால் பார்த்தார். வழவழவென்று சவரம் செய்துகொண்ட முகத்தோடு வண்டியைத் தவறவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? “சொன்னேன் மச்சான். வரலைன்னுட்டா” என்றேன். அவர் நம்பாத மாதிரி பார்த்தார். “என்ன சொன்னா?” என்றார். வெறும் ‘வரலை’ நிற்காது என்று தோன்றியது. ஒரு வரி சேர்த்தேன். “எனக்கு அப்பான்னு யாரும் இல்லைன்னு சொல்லிட்டா” என்றேன்.

ஒரே ஒரு வரி. அதைவிடப் பெரிய பொய்யெல்லாம் நான் சொல்லியிருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. இதுவும் ஒரு வாரத்தில் கரைந்துவிடும், அப்புறம் நானே சேர்த்துவைத்துப் பேர் வாங்கலாம் என்று நினைத்தேன். ஒரு வாரம் போயிற்று. பிறகு சொல்லவே முடியாத அளவுக்கு நாள் போய்விட்டது.

உனக்கு விடாமல் கடிதம் எழுதியது பாசத்தினால் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும்.

மாமா


ஏப்ரல் 11

அவரிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு எழுதுங்கள். அதுவரை என் பேரை எந்த உறையிலும் எழுதாதீர்கள்.


ஏப்ரல் 29

பெரியவளுக்கு,

சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை பட்டறையில். கேமராவையும் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். ஏன் என்று கேட்காதே. கழுத்தில் அது இருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம். மச்சான் ஒரு கம்பியைக் கடைந்துகொண்டிருந்தார். உனக்கு எழுதின மாதிரியே, வரிசையாக, சவரக் கடையை விடாமல் சொன்னேன். நடுவில் அவர் மெஷினை நிறுத்தினார். அது சுற்றி ஓயும்வரை நானும் நிறுத்திக்கொண்டேன். பிறகு மீதியைச் சொன்னேன்.

அப்போது அவர் முகம் திறந்தது. கதவு வழியாக வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. இரண்டடி தூரம். ஸ்டூடியோக்காரம்மா கொண்டுவரச் சொன்ன மூஞ்சி அதுதான், இனி என் ஆயுசுக்கும் அப்படி ஒன்று கிடைக்காது. நான் கேமராவைத் தொடவில்லை. இதை மெச்சிக்கொள்வதற்காக எழுதவில்லை.

அடிப்பார் என்று நினைத்தேன். ஒரு கேள்விதான் கேட்டார்.

“அன்னைக்கு அவ வண்டி ஜன்னல்கிட்ட உக்காந்து பாத்துட்டிருந்தாளா?”

எவ்வளவோ சொல்லியிருக்கலாம். பார்த்துக்கொண்டே இருந்தாள் மச்சான் என்று சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வாய்வரை வந்தது.

“தெரியாது மச்சான். நான் பாக்கலை” என்றேன்.

அவர் பின்பக்க அறைக்குள் போய்விட்டார். பட்டறைப் பையன்களும் இல்லை, யாரும் இல்லை. அரை மணி நேரம் நின்றேன். அவர் வெளியே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் அறைக்கு வந்தார். இந்த அறைக்கு அவர் வந்ததே இல்லை. துவைத்த சட்டை. துணி காயப்போட்டிருந்த நாற்காலியைக் காலி செய்து, ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எடு” என்றார்.

நீ படம் கேட்டதையும் செவ்வாய்க்கிழமை சொல்லியிருந்தேன். கேமராவை எடுத்தேன். கை பழக்கம், வாயும் பழக்கம். “மச்சான், ஒரு தடவை...” என்று ஆரம்பித்துவிட்டேன்.

“வாயை மூடிட்டு எடு.”

சுவரோரமாய்ப் போய் நின்றேன். பயந்தவர்கள்தான் தூரத்தில் நின்று எடுப்பார்கள் என்று ஸ்டூடியோக்காரம்மா ஒரு தடவை சொன்னாள். அப்போது அவளோடு சண்டை போட்டேன். இப்போது ஒரு அடி முன்னால் வந்தேன். இன்னொரு அடி. அவர் என்னைப் பார்க்கவில்லை, லென்ஸைத்தான் பார்த்தார். அதற்குள் நீ இருக்கிற மாதிரி. இந்தக் கேமராவில் ஃபோகஸ் சரியாக இல்லாவிட்டால் எதிரில் இருப்பவர் கண் இரண்டு துண்டாகத் தெரியும். வளையத்தைத் திருப்பித் திருப்பி ஒன்றாகச் சேர்க்க வேண்டும். நான் திருப்பிக்கொண்டே இருந்தேன். என் கண்ணில் தண்ணீர், எதுவும் சேரவில்லை. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் சேர்ந்த மாதிரி இருந்தது, அமுக்கினேன். ஒரே ஒரு படம். இன்னொன்று எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

“அவளுக்கு அனுப்பு. என்ன எழுதறதுன்னு எனக்குத் தெரியலை. மூஞ்சியைப் பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்” என்றார்.

எழுந்து நாற்காலியை இருந்த இடத்திலேயே போட்டார். “இனிமே பட்டறைப் பக்கம் வராதே. வீட்டுக்கும் வராதே” என்றார்.

“சரி மச்சான்.”

“மச்சான்னு கூப்பிடாதே.”

படத்தை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்திருக்கிறேன். மடங்காமல் வந்து சேர வேண்டும்.

மாமா


மே 9

மாமாவுக்கு,

படம் மடங்காமல் வந்தது.

ஃபோகஸ் கண்ணில் இல்லை. காதும் சட்டைக் காலரும்தான் ஊசிமுனை மாதிரி தெளிவாக இருக்கின்றன. கண் கொஞ்சம் மங்கல். பரவாயில்லை. அவருக்குக் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. கண்ணாடி போட ஆரம்பித்திருக்கிறார் போலிருக்கிறது, மூக்கில் இரண்டு பள்ளம் தெரிகிறது. படத்துக்காகக் கழற்றியிருக்கிறார். வார்டில் நான் ஒட்டிப் பார்த்த முகங்களில் ஒன்றுகூட இப்படி இல்லை.

கோபம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கிறது. எனக்கு அந்தக் கோபம் தெரியும். அளவு தப்பி ஒரு சாமான் வீணாகிவிட்டால் அவர் மெஷினைத் திட்டமாட்டார், யாரையும் திட்டமாட்டார். தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் கோபம். அன்றைக்குத் தானே ஸ்டேஷனுக்குப் போகவில்லையே என்கிற கோபம்.

நேற்று அப்பாவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. ‘எந்த வண்டி, எந்தப் பெட்டி?’ அவ்வளவுதான். கையெழுத்துக்கூட இல்லை. அதற்கு நானும் இரண்டு வரியில் பதில் போட்டேன். அவர் உங்களிடம் கேட்டாரே, அதற்கு நேரில் சொல்லிக்கொள்கிறேன். ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தேன். பிளாட்பாரம் முடிகிறவரை பார்த்தேன். அதற்கப்புறமும் பார்த்தேன்.

‘தெரியாது’ என்று அவரிடம் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தில்தான் உங்களை முதல் தடவையாக நம்பினேன். அதனால் மற்றதெல்லாம் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஜன்னலோரம் சின்னவளை நீங்கள் எடுத்த படத்தை என் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். அவளை அப்படிப் பார்க்கத் தெரிந்த ஆளா இதைச் செய்தது என்று ஒவ்வொரு தடவையும் திகைத்துப்போகிறேன். உங்களை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் எழுதுகிறேன்.

இருபத்தி மூன்றாம் தேதி, காலை வண்டியில் நாங்கள் மூன்று பேரும் வந்து இறங்குகிறோம். ஸ்டேஷனுக்கு அப்பாவே வருகிறார். நீங்கள் வர வேண்டாம்.

பெரியவள்